கறுப்புப் புள்ளி இருபத்தேழு

அக்கா வீட்டில் தங்கித்தான் அவள் விண்கல் பற்றிய மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்காவின் பொறுமை அந்த வாரம் தீர்ந்துவிட்டது.

"இந்தத் தடவையும் பரீட்சையில கோட்டை விட்டேன்னா கல்லுக்கும் உனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. சாயங்காலம் வீட்ல இருந்து இந்த ரெட்டைங்கள மேய்க்கணும், சொல்லிட்டேன்."

மூன்று வயது இரட்டையர் அப்போது அவளுடைய பாடக்குறிப்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்பதற்கு எளிய தேர்வுதான். விண்கல் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்திருப்பார்கள். நுண்ணோக்கியில் அதை இம்மி இம்மியாக நகர்த்தி, முந்நூறு இடங்களில் என்ன கனிமம் என்று எண்ண வேண்டும். பளீரென்று பல நிறம் காட்டினால் ஒலிவின், மங்கலான சாம்பலும் மஞ்சளும் என்றால் பைராக்ஸீன், கறுப்பு என்றால் உலோகம். உலோகம் மிகுதியா, நடுத்தரமா, சொற்பமா என்பதுதான் கல்லின் வகை. முந்நூறில் பத்தைத் தாண்டினால் நடுத்தரம், இருபதைத் தாண்டினாலே மிகுதி.

முதல்முறை எண்ணியதை நம்பாமல் மறுபடி எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போனதால் இன்னும் பயந்தாள். கறுப்பு இருபத்தேழு. 'மிகுதி' என்று எழுதிவிட்டுப் பென்சில் சீவினாள்.

தன் தாளைக் கொடுத்துவிட்டு வந்த பக்கத்து மேசைப் பல் டாக்டர், அந்த நேரம் பார்த்து அவள் நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

"என்னம்மா, இவ்வளவு சொத்தை?"

"டாக்டர்! இது உங்க கிளினிக் இல்ல. வாய மூடுங்க," என்றார் ஆசிரியை.

"ஊர் வாயெல்லாம் திறக்கச் சொல்றவனுக்கு இந்த கதி," என்று முனகிக்கொண்டே அவர் வெளியேறினார்.

சொத்தையா? அவள் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். தேய்க்கும்போது துணுக்கு பெயர்ந்து ஓட்டை விழுவதுண்டு. கீழிருந்து வரும் வெளிச்சத்தில் ஓட்டையும் கறுப்புதான். விளக்கை மேலிருந்து பாயவிட்டாள். உலோகம் என்றால் மின்ன வேண்டும். நல்லவேளை, ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் குறித்து வைத்திருந்தாள். பதின்மூன்று மின்னின. பதினான்கு மின்னவில்லை.

ஐந்து நிமிடமே இருந்தது. 'மிகுதி'யை அடித்து 'நடுத்தரம்' என்று எழுதினாள். கீழே: "பதினான்கு ஓட்டைகளை உலோகமாக எண்ணிவிட்டேன். மன்னிக்கவும். மற்றவை சரியென்று நினைக்கிறேன். உறுதியில்லை."

ஆசிரியை அவள் எதிரிலேயே திருத்தினார்.

"இதுவரைக்கும் திருத்தின எட்டு பேரும் ஓட்டைய இரும்புன்னுதான் எழுதியிருக்காங்க, டாக்டர் உட்பட. நீ மட்டும்தான் ஓட்டைகிட்ட மன்னிப்பு கேட்டிருக்க. பாஸ்."

வீட்டு வாசலிலேயே அக்கா மறித்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பாஸ்னு சொன்னாங்க."

"அப்ப அடுத்த வகுப்புக்கும் போவியா?"

"போவேன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதடி, போ!" என்ற அக்கா உள்ளே திரும்பினாள். "ஏங்க, நாளையிலருந்து சாயங்காலம் ரெட்டைங்க உங்க பொறுப்பு."

மாமா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.