கட்டில் சங்கத்தின் கருத்துக் கேட்பு

எங்கள் சங்கத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தலையில் அடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது எளிய காரியம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கு, கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், வீல்சேர், வாக்கர் எல்லாம் இலவசமாகக் கொடுப்போம். அவர்கள் தேறியதும் திருப்பி வாங்கிக் கழுவித் துடைத்து அடுத்தவருக்கு அனுப்புவோம். ஓட்டுகிறவர், தூக்குகிறவர், கழுவுகிறவர் எல்லோரும் சம்பளமில்லாத உறுப்பினர்கள்தான். நான் செயலாளர். தலைவர் என் நாத்தனார். நான் அண்ணி என்பேன். மற்றவர்களுக்கு அவர் மேட்ரன். ஆஸ்பத்திரியில் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தைத் தொடங்கியது அவர்தான், கடிவாளத்தை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பதும் அவர்தான். அவர் கையெழுத்து இல்லாமல் சாமான் வைத்திருக்கும் ஷெட்டிலிருந்து ஒரு ஊன்றுகோல்கூட வெளியே போகாது.

பேருக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதில் பாதிப் பேர் கண்ணிலேயே படுவதில்லை. பொருளாளர் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பதவி மட்டும் பத்திரமாக இங்கே இருக்கிறது.

போன மாதம் அண்ணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் போட்டால் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகன் வந்து கட்டில் கேட்டார். தலைவர் வரட்டும் என்று நாங்கள் கையைப் பிசைந்தோம். பெரியவர் இரண்டு நாள் தரையில் கிடந்தார். அதற்கு மேல் எங்கள் வேன்காரருக்குப் பொறுக்கவில்லை. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டானாம்" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் கட்டிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்த அண்ணி எல்லோர் முன்னாலும் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். வேன்காரர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்தான். அவர் பின்னாலேயே இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். இப்படியே போனால் கட்டில் இருக்கும், தூக்க ஆள் இருக்காது.

எனக்குக் கோபம் வந்தால் எழுத உட்கார்ந்துவிடுவேன். புதிய நிர்வாகத் திட்டம் ஒன்று எழுதினேன். ஐந்து பேர் கொண்ட குழு, வருடா வருடம் தேர்தல், வந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே பதவி. முழங்கால் வலியால் அண்ணி இப்போது எதையும் தூக்குவதில்லை. ஆக, என் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. அதை அவரிடம் நீட்டுவதற்குள் இரண்டு முறை அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நாத்தனாருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் புரியும். என் கணவரோ, "அக்காவுக்கும் உனக்கும் நடுவுல என்னை இழுக்காதே" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அண்ணி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "உறுப்பினர்களைக் கேட்போம். நான் வேணாம்னு அவங்க சொன்னா எழுந்து போயிடறேன்."

வாடகைக்கு ஒரு ஹால் பிடித்தோம். மேடையில் அண்ணி, கீழே வரிசை வரிசையாக நாற்காலிகள், கையில் டீ. நான் திட்டத்தைப் படித்தேன். "உங்க அபிப்பிராயத்தைத் தாராளமா சொல்லுங்க" என்றார் அண்ணி, ஊசி போடுவதற்கு முன் பேசும் குரலில். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், எங்களோடு கட்டில் தூக்க வரும் சலூன்காரர் கையைத் தூக்கினார். எனக்கு உயிர் வந்தது. "அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?" என்றார். அவ்வளவுதான் கருத்துக் கேட்பு.

"பாத்தியா? யாருக்கும் ஒரு குறையும் இல்ல" என்றார் அண்ணி. அதில் வெற்றியைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே நாலாவது மாடிக்கு ஒரு கட்டில் ஏற்ற ஆள் போதவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். எதிர்முனையில் சலூன்காரரும் இன்னொரு உறுப்பினரான கணக்கு டீச்சரும். லிஃப்ட் இல்லை.

"சாய்ங்க, இன்னும் கொஞ்சம் சாய்ங்க... இந்தக் குழு கிழுவெல்லாம் எதுக்குங்க நமக்கு?" என்றார் சலூன்காரர்.

"இடிக்குது, இடிக்குது! அதானே? பதவியில இருக்கறவங்கள்ல யாராவது சமீபத்துல ஒரு படி ஏறியிருக்காங்களா? இப்ப தூக்குங்க" என்றார் டீச்சர்.

நான் நின்றுவிட்டேன். "இதை அன்னிக்கு ஹால்ல ஏன் சொல்லல?"

"ஹால்லயா? பரீட்சை எழுத உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஐயோ, விரல், என் விரல்!" என்றார் சலூன்காரர்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இவர்கள் ஒருவரோடொருவர் பேசியதெல்லாம் வேலைக்கு நடுவில்தான். நாற்காலியில் உட்கார வைத்தால் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். கையில் சுமை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. இது தெரியாமல் ஹாலுக்கு வேறு வாடகை கொடுத்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட் வாசலில் கழுவும் வேலை நடக்கும். எல்லோரையும் கூப்பிட்டேன். வேன்காரரின் காலில் விழாத குறை. அண்ணியையும் அழைத்தேன்.

"எனக்கு நாற்காலி போடுவியா?"

"மாட்டேன் அண்ணி. முக்காலி போடறேன். பிரஷ் தர்றேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து ஒரு வீல்சேர் சக்கரத்தை மடியருகே இழுத்துக்கொண்டார். வேன்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட் பக்கத்திலேயே நின்றார். டீச்சர் ஹோஸ் பைப்பை நீட்டினார்; வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். நுரை கிளம்பியது, பேச்சும் கிளம்பியது.

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. "அஞ்சு பேர்னு யாருங்க முடிவு பண்ணது?" என்றார் சலூன்காரர். "வருஷா வருஷம் தேர்தல்னா நாம ஓட்டுக் கேக்கப் போறதா, கட்டில் தூக்கப் போறதா?" என்றார் டீச்சர். நான் இரவெல்லாம் கண்விழித்து எழுதியதை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார்கள். எனக்கு மூக்கு விடைத்தது. அண்ணியின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்ததையும் கவனித்தேன். "குழு எதுக்கு? ஷெட்ல இருக்கற ரெண்டு பேர் சரின்னா கட்டில் போகட்டும். மத்ததை இப்படிக் கழுவும்போது பேசிக்கலாம்" என்றார் சலூன்காரர்.

அப்போது வேன்காரர் பைப்பை மடக்கித் தண்ணீரை நிறுத்தினார். "மேடம், அந்தப் பெரியவர் தரையில கெடந்தாரு. நீங்க கல்யாணத்துக்குப் போனது தப்பில்ல. நீங்க வர்ற வரைக்கும் கட்டில் ஏன் காத்திருக்கணும்?"

அண்ணி ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிரஷை வாளியில் போட்டார்.

"காத்திருக்கக் கூடாது. நீ செஞ்சதுதான் சரி. உன்னை எல்லார் முன்னாடியும் திட்டினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன்." சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கையெழுத்து வேணும்கறதாலதான் தினம் என்னைத் தேடி வர்றீங்க. அதையும் விட்டுட்டா என் வீட்டு வாசலுக்கு யாருப்பா வருவா?"

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. பதவியைப் பிடித்துத் தொங்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன்.

யாரும் பதில் சொல்வதற்குள் டீச்சரின் போன் அடித்தது. பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கட்டில் உடனே வேண்டுமாம். பழக்கதோஷம், எல்லோர் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. அண்ணி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "என்னை ஏன் பாக்கறீங்க? ரெண்டு பேர் சரின்னா போகலாம்னு இப்பதானே பேசினீங்க."

"சரி" என்றார் சலூன்காரர். "சரி" என்றார் டீச்சர். கட்டில் வேனில் ஏறியது.

வேன்காரர் ஓட்டும் இருக்கைக்குப் போகவில்லை. சுற்றி வந்து முன்பக்கத்து மறுகதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்க மேடம். கட்டிலை நாங்க போட்டுடுவோம். ஒரு பக்கம் வராத ஆளை அதுல எப்படிப் படுக்க வைக்கணும், எப்படித் திருப்பணும்னு அந்த வீட்ல யாருக்குத் தெரியும்? எங்களுக்கும் தெரியாது. கையெழுத்துக்கு நீங்க வேணாம். இதுக்கு வேணும்."

அண்ணி எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வேன்காரரின் தோளைப் பிடித்து ஏறினார். கையில் இன்னும் நுரை இருந்தது. வேன் நகரத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தீர்மான நோட்டுல எல்லாரும் சம்மதிச்சுட்டாங்கன்னு எழுதிடாதே! நான் இன்னும் பேசி முடிக்கல."