பிரயாணிக்கு விலக்கு உண்டு

சிக்கந்தர் பாயின் மனத்தில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால், பதில் வரும்வரை கையிலிருக்கும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருப்பார். மலாயாவில் குளுவாங் ரயிலடிக்கு எதிரில் அவருடைய சாப்பாட்டுக் கடை இருந்தது. வாரம் ஒருமுறை அங்கே வரும் சவரிமுத்து, சூடாகத் தேத்தண்ணி குடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

சவரிமுத்துவுக்கு நான்கு மைலுக்கு அப்பாலுள்ள ரப்பர்த் தோட்டத்தில், பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஸ்டோரில் வேலை. அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்கள் என்னும் கத்தோலிக்கர்கள் பதினோரு குடும்பத்தார். கோயில் கிடையாது. ஞாயிறுதோறும் செபமாலையை முன்னின்று சொல்பவர் சவரிமுத்துதான். அதனால் பாய் அவரை 'உபதேசியாரே' என்று அழைப்பார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு. பங்குனியில் சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் கடுங்காய்ச்சலில் விழுந்து நினைவிழந்தாள். செய்தி கேட்ட பாய், கடைக்கு விறகு ஏற்றும் தம் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டு தாமே ஓட்டி வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பத்தொன்பது நாள் அங்கே கிடந்து, தலைமுடி கொட்டி, கோல் ஊன்றி அவள் வீடு திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும்," என்றாள் கணவனிடம். "நன்றிப் பூசை வைக்கணும். நான் சொந்தக் கால்ல போயி, முழங்கால் போட்டு, சாமியார் கையால மந்திரிச்ச அப்பமா நன்மை வாங்கணும்."

கேட்பது எளிது. சிங்கப்பூரிலிருந்து சாமியார் வருவது வருடத்தில் இரண்டு முறைதான். சென்ற முறை அவர் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடிதப் போக்குவரத்து நடந்து, கடைசியில் தீபாவளியன்று வருவதாகப் பிரெஞ்சுக்காரரான பெர்னார் சாமியார் எழுதினார். அன்றைக்குத்தான் தோட்டத்தில் எல்லாருக்கும் விடுமுறை.

இதைக் கேட்டதிலிருந்து பாயின் தேத்தண்ணி இன்னும் அதிகமாக ஆறத் தொடங்கியது.

"உங்க சாமியார் பாடுற பாஷை உங்களுக்கே விளங்காதாமே?"

"நீங்க அரபியில ஓதுறது உங்களுக்கு அம்புட்டும் விளங்குதா பாய்?"

"அதைக் கேக்காதீங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

"இலத்தீன் பாஷை. நம்ம தோட்டத்துலயும் அதே சொல்லு, சாமியாரோட ஊர்லயும் அதே சொல்லு. விளங்காட்டியும் எங்கே நிக்கணும், எங்கே முழங்கால் போடணும்னு தெரியும்."

"மணி எதுக்கு?"

"சாமியார் எங்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிப்பார். எழுந்தேற்ற நேரத்துல அப்பத்தைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுவார். அப்போ மணி அடிப்போம், எல்லாரும் தலை குனிவாங்க. அந்த ஒரு மணியைத் தவிர வேற சத்தம் கேக்கக் கூடாது."

நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள் என்று சொன்னபோது பாயின் முகம் மலர்ந்தது. "அட, இது நம்ம நோன்புல்ல. இதை எனக்கு விளக்கவே வேணாம்." அதற்குமேல் அதைப்பற்றி அவர் கேட்கவுமில்லை, சவரிமுத்து சொல்லவுமில்லை.

கேள்விகளில் ஒன்று மட்டும் சவரிமுத்துவைத் திணறவைத்தது. "எல்லாஞ் சரி. அம்புட்டுப் பெரிய படைச்சவன் ஒரு துண்டு அப்பத்துல வர்றான்னு சொல்றீங்களே, அது எப்படி?"

சவரிமுத்து சற்று யோசித்தார். "கதையா சொன்னா கேப்பீங்களா? ஒரு ஆத்துக்கு, கரையில குடியிருந்த எறும்பு மேல பிரியம். 'உன் வீட்டுக்கு ஒருநா வர்றேன்'னுச்சு. எறும்பு நடுங்கிப்போச்சு. 'நீங்க வந்தா என் வீடும் இருக்காது, நானும் இருக்க மாட்டேனே'ன்னுச்சு. மறுநா விடிஞ்சதும் எறும்பு வெளியே வந்து பார்த்தா, வாசல்ல புல்லு நுனியில ஒரு சொட்டுப் பனித்தண்ணி. தாகத்துக்குக் குடிச்சுட்டு, 'நீ யாரு'ன்னு கேட்டுச்சாம். 'நேத்து வர்றேன்னு சொன்னேனே'ன்னுச்சாம் அந்தச் சொட்டு."

பாய் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். "எங்க மார்க்கத்துல இதை ஒத்துக்க மாட்டோம், உபதேசியாரே," என்றார். "ஆனா நல்ல எறும்பு."

தீபாவளி வந்தது, மழையோடு. ஏழரை மணி ரயிலுக்காகச் சவரிமுத்து இருட்டிலேயே நடந்து ரயிலடி சேர்ந்தார். ஏழரை எட்டாயிற்று, எட்டு பத்தாயிற்று. தண்டவாளத்தின்மேல் மரம் விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. அவர் கடை வாசலுக்கும் ரயிலடிக்குமாக நடந்தார்.

"உக்காருங்க, வண்டி வந்தாச் சத்தம் கேக்கும்," என்றார் பாய்.

"மதியம் ஒரு மணி தாண்டிட்டாப் பூசை தொடங்கக் கூடாது பாய். அங்கே ஆரோக்கியம் நடுச்சாமத்துலேருந்து பட்டினி. பலவீனமான உடம்பு, தாங்குமான்னு கேட்டேன். காதுலயே போட்டுக்கல. இந்தத் தடவை தப்பினா அடுத்தது சித்திரைக்குத்தான்."

பாய் கொல்லைக்குப் போய் வண்டியில் மாட்டைப் பூட்டினார்.

ரயில் வந்து நின்றபோது மணி பதினொன்றேகால். தாடியெல்லாம் நனைந்து, முகம் வெளுத்து, பெர்னார் சாமியார் இறங்கினார். அவரைக் கடைக்குள் உட்காரவைக்கும்படி பாயிடம் சொல்லிவிட்டு, பூசைப் பெட்டியை எடுக்கச் சவரிமுத்து ரயிலின் சாமான் வண்டிக்கு ஓடினார். பீடக்கல்லும் பாத்திரமும் இருந்த கனத்த பெட்டி அது. அதைத் தலையில் சுமந்து கடை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாமியாரின் இரு கைகளுக்கும் நடுவே ஆவி பறக்கும் தேத்தண்ணிக் குவளை இருந்தது.

ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் இன்றைக்குப் பூசையில்லை. கோல் இல்லாமல் நடந்து காட்டப்போவதாக நேற்று சிரித்த ஆரோக்கியத்தின் முகம் அவர் கண்முன் வந்தது.

"பாய், என்ன செஞ்சீங்க?"

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்தச் செஞ்சேன்? பிரயாணிக்கு நோன்பு விலக்கு உண்டுல்ல? ராவுலேருந்து ரயில்ல கிடந்த மனுசன். அப்புறமா ஒருநா நோத்துக்கலாமே."

சவரிமுத்துவுக்குத் தம்மீதே கோபம் வந்தது. மணியை விளக்கினார், மெழுகுவர்த்தியை விளக்கினார், ஆற்றையும் எறும்பையும் விளக்கினார். தங்கள் நோன்பில் பிரயாணிக்கு விலக்கில்லை என்ற ஒன்றைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். பாண்டி நாட்டில் புத்தகம் வைத்துப் படித்த தமிழில், "அஞ்சாதே, சவரிமுத்து. இதை என் கைகள் மட்டுமே அருந்தின," என்றார். பிறகு எழுந்து, நிறைந்திருந்த குவளையைப் பாயிடம் இரு கையாலும் நீட்டினார். "அன்பரே, குளிரில் விரல்கள் மரத்திருந்தன. இவ்விரல்களால்தாம் நான் பூசை செய்ய வேண்டும். உமக்கு நன்றி."

பாய் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "ஏறுங்க சாமி," என்றார்.

மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. பாலத்துக்கு அப்பால் சக்கரம் அச்சுவரை புதைந்தது. சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தார். மூவரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். மாட்டை அடித்து அறியாத பாய், அன்றும் அதனிடம் கெஞ்சித்தான் வண்டியைக் கிளப்பினார்.

பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகையில் பீடம் தயாராக இருந்தது. சுற்றுமுள்ள வரிசை வீடுகளான லயங்களிலிருந்து எண்ணெய்ப் பலகாரத்தின் மணம் வந்துகொண்டிருக்க, பதினோரு குடும்பங்களும் பட்டினியோடு காத்திருந்தன. ஆரோக்கியம் முன்வரிசையில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். கோல் இல்லை. சாமியார் பீடத்தின் அடியில் சிலுவை அடையாளம் வரைந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

எழுந்தேற்ற நேரம் வந்தது. மணியை எடுத்த சவரிமுத்து, திறந்திருந்த பக்கவாட்டில் தற்செயலாகப் பார்த்தார். வெளியே ரப்பர் மரத்தடியில் வண்டி நின்றது. ஈக்களை விரட்டத் தலையை ஆட்டிய மாட்டின் கழுத்துமணி கிணுகிணுக்க, பாய் விருட்டென்று எழுந்து போய் அந்த மணியைத் தம் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டார். மாடு மறுபடி தலையை ஆட்டியது. சத்தம் வரவில்லை. கொட்டகையில் ஒரே ஒரு மணிதான் ஒலித்தது.

தலை குனிந்தபோது சவரிமுத்து மனைவிக்காக நன்றி சொன்னார். அதே மூச்சில், மரத்தடியில் நின்றவருக்காகவும் சொன்னார்.

ஆரோக்கியம் முழங்காலிட்டு நன்மை வாங்கினாள். எழுந்திருக்க மட்டும் பக்கத்திலிருந்தவள் கைகொடுத்தாள்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, மூன்று கல் கூட்டிப் பாய் தேத்தண்ணி கொதிக்கவைத்திருந்தார். முதல் குவளை சாமியாருக்கு. அவர் நின்றபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "இப்போது என் முறை," என்று சிரித்தார். பக்கத்து லயத்து வெள்ளையம்மா, இவர்களுக்கென்றே எடுத்துவைத்த அதிரசத் தட்டோடு வந்தாள். "விடிகாலையிலேருந்து எங்க வீட்டு வாசனைய மோந்துக்கிட்டுக் கிடந்தீங்களே, பாவம். சாப்பிடுங்க."

சவரிமுத்து ஓர் அதிரசத்தைப் பாயிடம் நீட்டினார். பாய் அதை வாங்கிய வேகத்தைக் கண்டு அவருக்குச் சந்தேகம் வந்தது.

"நீங்க காலையில சாப்பிடலையா?"

"எங்கே சாப்பிட? வண்டியைப் பூட்டிக்கிட்டு, ரயிலைப் பார்த்துக்கிட்டு நின்னேன்ல."

"சாமியாரை ஏத்திக்கிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியாவது ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே. நாலு மைல் ஓட்டினவர் பிரயாணிதானே? உங்களுக்கு விலக்கு உண்டுல்ல?"

"உண்டு," என்றார் பாய், மென்றுகொண்டே. "ஆனா அந்தப் பெரியவர் குவளையைத் திருப்பிக் குடுத்தப்புறம் எனக்கு உள்ளே இறங்கல."

சவரிமுத்து கெண்டியை எடுத்தார். ஒரு குவளை ஊற்றி, பாய்க்காக ஆற்றத் தொடங்கினார். அத்தனை நாள் பழக்கத்தில் ஆற்றும் கை மாறியது அன்றைக்குத்தான்.

"உபதேசியாரே," என்றார் பாய். "அந்தப் பீடத்து மேல ஒரு கல்லை வெச்சீங்களே, அது எதுக்கு?"

அது நீண்ட பதில். சவரிமுத்து சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி நன்றாக ஆறிவிட்டது.