கைநாட்டுக்காரி

அந்தத் தையல் கூடத்தில் நாற்பத்திரண்டு பெண்கள். கழிப்பறைக்குப் போக டோக்கன் இரண்டே இரண்டு. போனவள் திரும்பி வந்து சூப்பர்வைசர் மேசையில் டோக்கனை வைத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதனால் வீட்டில் குடித்த தண்ணீரோடு சரி. மதியம்வரை யாரும் நாக்கை நனைப்பதில்லை.

கடைசி மேசையில் நூல் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்குப் பதினேழு வயது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் மூடியே வைத்திருப்பாள். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வேலைக்குச் சேர்ந்த அன்று, பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, கையெழுத்துப் போடச் சொன்னதும் விரல்கள் உதறின. பக்கத்தில் மை டப்பா திறந்திருந்தது. தப்பித்தோம் என்று பெருவிரலை அழுத்திவிட்டாள். அன்றிலிருந்து அவள் கைநாட்டு. தினமும் வருகைப் பதிவேட்டில் ரிஜிஸ்டர் அக்கா அவள் பெயரை எழுதுவாள். இவள் பக்கத்தில் விரலை வைப்பாள். இல்லை, எனக்கு எழுத வரும் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம்தான் இரண்டு வருடமாக வரவில்லை.

வீட்டில் துணிமூட்டைக்கு அடியில் அவளுக்கு ஆறு நோட்டுகள் இருந்தன. ஆறும் அவளே எழுதி நிரப்பியவை. பள்ளியில் அவள் எழுத்தைக் கோழி கிளறினது என்பார்கள். ரிஜிஸ்டர் அக்காவின் எழுத்தோ கோத்த மணி. தன் பெயரை இத்தனை அழகாக ஒருத்தி எழுதி அவள் பார்த்ததே இல்லை. பதிவேட்டில் பார்த்ததை நெஞ்சில் ஏந்திக்கொண்டு போய் நோட்டில் எழுதிப் பார்ப்பாள். வால் நீண்ட ‘ழ’, சற்றே சாய்ந்த ‘க’. பார்த்துப் பார்த்து அந்தக் கை இவள் கையாகவே ஆகிப்போனது.

காலர் தைக்கிற அக்காவுக்கு ஏழு மாதம். ஒரு நாள் இரண்டு டோக்கனும் வெளியே இருந்தன. மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார வைக்கப்பட்டாள். நாலாவது முறை எழவில்லை. ஸ்டூலுக்குக் கீழே தரை நனைந்தது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நிமிராமல் மாலைவரை காலர் தைத்தாள்.

வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். அளவும் எண்ணும் போட்ட சீட்டைக் கட்டுக்கு ஒன்றாகக் காலையில் செருகுவது ஊமைக்கோட்டானின் வேலை. மறுநாள் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது: ‘இந்தச் சட்டையைத் தைத்தவள் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்துபோக விடமாட்டார்கள்.’

கட்டு மேசைக்கு மேசை நகர்ந்தது. மாலையில் சீட்டு அவளிடமே திரும்பி வந்தபோது அடியில் வேறு கைகள் சேர்ந்திருந்தன. ‘எனக்கு மூணு மாசமா எரிச்சல்.’ ‘டோக்கன் கேட்டா சிரிக்கிறான்.’ மறுநாள் இரண்டு சீட்டு, அதற்கு மறுநாள் ஐந்து. யாரும் யாரையும் கேட்கவில்லை. பேசத் தெரியாதவள் ஒரு கூடத்தையே பேச வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில், அவள் கை மட்டுமே இருந்த ஒரு சீட்டை எடுக்க மறந்தாள். அது சட்டையோடு பெட்டிக்குள் போய், எங்கோ ஒரு கடையில் வெளியே வந்தது. மேனேஜரின் போனுக்குப் படமாகத் திரும்பி வந்தது.

எல்லாரும் பேக்கிங் அறையில் நிறுத்தப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு தாள். மேனேஜர் சொல்கிற வரியை எழுத வேண்டும். தாள் கொடுத்துக்கொண்டு வந்தவள் ரிஜிஸ்டர் அக்காதான். ஊமைக்கோட்டானின் கை பேனாவுக்காகப் பாதிதூரம் நீண்டுவிட்டது.

“அது கைநாட்டு சார்,” என்றாள் அக்கா. “பாவம், அதை எதுக்கு வெயிட் பண்ண வைக்கிறீங்க? நீ போம்மா, போய் உக்காரு.”

நீண்ட கை மடங்கியது. அவள் போய் உட்கார்ந்தாள்.

நாற்பத்தொரு தாளும் ஒத்துப்போகவில்லை. பிறகு சூப்பர்வைசருக்கு என்ன தோன்றியதோ, பதிவேட்டைத் திறந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ரிஜிஸ்டர் அக்கா குனிந்து பார்த்தாள். “என் எழுத்து மாதிரிதான் சார் இருக்கு,” என்றாள் குழம்பிப்போய். “ஆனா நான் எழுதலையே!”

சூப்பர்வைசர் சிரித்தான். “பின்ன, உங்க கை மட்டும் தனியா எழுந்து வந்து எழுதிட்டுப் போச்சா?”

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு கடைசி மேசையைத் தாண்டிப் போனாள். ஊமைக்கோட்டான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று நாள் போனது. சோறு இறங்கவில்லை. நோட்டைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்தும் அக்காவின் முகமாக இருந்தது. நான்காம் நாள் மதியம் இஸ்திரி போடுகிற அத்தை ஒரு தாளை விரித்தாள். ‘சீட்டுகளை நாங்கள் எல்லாரும் எழுதினோம். ரிஜிஸ்டர் அக்காவை மட்டும் நீக்கினால் எங்களையும் நீக்குங்கள்.’

“அவங்க எழுதினாங்களா இல்லையான்னு தெரியாம எப்படி அத்தை?” என்றாள் ஒருத்தி.

“யாரு எழுதினா என்னடி? எழுதினது நம்ம வயித்துவலிதானே? போடு கையெழுத்தை.”

காலர் அக்கா முதலில் போட்டாள். தாள் கைமாறிக் கைமாறிக் கடைசி மேசைக்கு வந்தது. “கோட்டானுக்கு மை டப்பா எடுங்கடி,” என்றாள் அத்தை.

விரலை வைத்தால் போதும். நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியாக நல்லவள் ஆகிவிடலாம். அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவள் பேனாவை எடுத்தாள். பெயரை எழுதினாள். அடியில், ‘முதல் சீட்டை எழுதியவள் நான்’ என்றும் எழுதினாள். வால் நீண்ட அந்த ‘ழ’ வந்து விழுந்ததும் சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

“அடிப்பாவி,” என்றாள் அத்தை மெதுவாக. “உன்னை நிக்க வைக்காதீங்கன்னு சொன்னவளாச்சேடி அவ.”

திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. காலர் அக்கா மட்டும் தாளை மடித்து அவள் கையில் திணித்தாள். “ஆபீசுக்கு அப்புறம் கொடுக்கலாம். முதல்ல அவங்க வீட்டுக்குப் போ. நீயே போ.”

வேலை விட்டதும் போனாள். ரிஜிஸ்டர் அக்கா வாசல் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மாமியாரும் கணவரும் இருந்தார்கள். ஊமைக்கோட்டான் தாளை நீட்டினாள்.

“என்ன இது?”

“படிங்கக்கா.”

“என் கை ரெண்டுலயும் துணியா இருக்கே. யாரு எழுதிக் கொடுத்தா?”

“கடைசி வரி... நான் எழுதினதுக்கா.”

அக்காவின் தோளிலிருந்து ஒரு சட்டை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தாளை வாங்கவும் இல்லை.

“எங்க வீட்ல என்னை யாரும் நம்பலைடி,” என்றாள். “உன் எழுத்தேதான்மா, எதுக்குப் பொய் சொல்றேன்னு அவரே கேட்டாரு.” பிறகு உள்ளே திரும்பி, “இங்க வாங்க, ரெண்டு பேரும் வாங்க” என்று கூப்பிட்டாள். அவர்கள் வந்து நின்றார்கள்.

“இப்போ படி.”

யார் முன்னாலும் வாய்விட்டுப் படித்தறியாதவள் படித்தாள். நாற்பத்திரண்டு பெயர்களையும் படித்து, கடைசி வரியில் குரல் உள்ளே போய்விட்டது.

“கேக்கலை,” என்றாள் அக்கா. “சத்தமா.”

அவள் மறுபடி படித்தாள்.