மச்சானின் விமானத்துக்கு ஒரு மோட்டார்

பல் செட் கட்டுகிறவருக்கு அன்று காலையிலிருந்து சொந்தப் பற்களே தந்தியடித்தன. காரணம், வேலைமேசைமேல் கிடந்த, பால்சா என்ற லேசான மரத்தில் செய்த பொம்மை விமானம். மனைவியின் அண்ணன் சிறுவயதில் தன் அப்பாவோடு உட்கார்ந்து செய்தது. அப்பா கைபட்ட பொருள் என்று மச்சானிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். பூச்சி அரித்த இறக்கைகளை எட்டு மாதம் ஒட்டிச் சீராக்கியாயிற்று. துருவேறிய எஞ்சின் மட்டும் மசியவில்லை. சாயங்காலம் மச்சான் முன்னால் பறக்கவிட வேண்டும்.

இரண்டு மின்மோட்டார்கள் வாங்கி வைத்திருந்தார். பெரியதில் காற்றாடியை மாட்டி, மேசையில் இறுக்கி ஓடவிட்டதில், மேசை அவரையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை போனது. எதிர்க்கடைத் தையல்காரர் எழுந்து வழிவிட்டார்.

“இது இறக்கையைப் பிச்சு எறிஞ்சிடும்,” என்றார் பல் செட்காரர்.

“அப்ப சின்னதையே வைங்களேன்,” என்றாள் மனைவி.

“அது கனம் பத்தாது. மூக்கு தூக்கிக்கும், பல்டியடிச்சு விழும்.”

“எங்கண்ணன் உங்களைத் தூக்கிப் போடறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க!”

பழைய எஞ்சினைத் தராசில் வைத்தார். சின்ன மோட்டாரை வைத்தார். குறைந்த எடைக்கு ஈடாக மூக்கில் பெரிய பேட்டரி ஒன்றைத் திணித்தார். கிராம் பிசகவில்லை.

மைதானத்தில் மச்சான் கேட்டார்: “என்ன மாப்ள, பல்லு இப்படித் தந்தியடிக்குது? குளிர் காய்ச்சலா?”

விமானம் கையைவிட்டுப் போனது. வட்டமிட்டு ஏறியது. இறக்கை ஒடியாமல் தாக்குப்பிடித்தது. பல் செட்காரருக்கு உயிர் வந்தது. அரை நிமிடத்தில் அந்த உயிர் திரும்பவும் போய்விட்டது.

பழைய எஞ்சினுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் ஊற்றுவார்கள். தீர்ந்ததும் நின்றுபோய், விமானம் மிதந்து இறங்கும். ரிமோட் எதுவும் இல்லாததால் கீழிருந்து நிறுத்த வேறு வழியே கிடையாது. பேட்டரியோ இப்போதுதான் சூடுபிடித்திருந்தது.

“எப்ப மாப்ள நிக்கும்?”

“இருபது நிமிஷம்... ஆகும் மச்சான்.”

மச்சான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அடிக்க அல்ல, ஓட.

இருவரும் அண்ணாந்தபடியே ஓடினார்கள். ஒரு சலூனுக்குள் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினார்கள். பாதி முடி வெட்டியவர் போர்த்திய துணியோடு கூடவே வந்தார். நான்கு தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தபின், இருபதாவது நிமிஷத்தில் மோட்டார் சத்தம் நின்றது. பல் செட்காரர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

“விழுந்துடுச்சா?”

“மொட்டை மாடிச் சுவத்துல காயப்போட்ட மெத்தைமேல உக்காந்திருக்கு. முழுசா இருக்கு மாப்ள. என் கையை விடுங்க, இப்ப ஒடியப்போறது இதுதான்.”