அதே பக்கம், அதே அளவு

இருசம்மாள் வந்தபோது நான் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில், வாயில் பாதி போண்டாவோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைய எங்கள் பத்திரிகையை என் மடியில் விரித்துப் போட்டு, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"கொளஞ்சியப்பன்ங்கிற பேப்பர்காரரு நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"இதுல நிக்கிறது நானுங்க. கீழ இன்னா போட்டிருக்கீங்கன்னு நீங்களே படிங்க."

மேலே தலைப்பு 'ஆடு திருடர்கள் சிக்கினர்'. படத்துக்குக் கீழே 'மீட்கப்பட்ட ஆடுகளுடன் கைதான இருவர்' என்று போட்டிருந்தது. போட்டவன் நான்தான். படத்தில் காவல் நிலைய வாசலில் ஒரு பையன் தரையில் குந்தியிருந்தான். பக்கத்தில் இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இதே இருசம்மாள். பின்னால் நான்கு போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள்.

"புடிச்சது ரெண்டு பேரத்தாங்க. ஒருத்தன டாக்டர்கிட்ட காட்ட இட்டுக்கினு போயிட்டாங்க. ஆடு ரெண்டும் போட்டாவுக்கு நிக்காம துள்ளிச்சி. 'ஏம்மா, நீ வந்து புடி'ன்னாங்க, புடிச்சேன். ஆட்டக் காணோம்னு மூணு நாளா ஸ்டேசன் வாசல்ல குந்திக்கினு கெடந்தவளே நான்தாங்க!"

போண்டா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எடுத்தபோது நான் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தேன். ஏட்டய்யா படத்தையும் குறிப்பையும் செல்லுக்கு அனுப்பினார். குறிப்பில் இரண்டு பேர் கைது என்று இருந்தது. படத்தில் போலீசைக் கழித்தால் இரண்டு பேர். கணக்கு சரியாக வந்ததே என்று இலையிலிருந்து எழுந்திருக்காமலேயே அனுப்பிவிட்டேன். பதினான்கு வருஷ நிருபர் நான். த்தூ.

அந்த ஆடுகள் இருசம்மாளுடையவை அல்ல. வடக்கனந்தலில் நிலபுலன் உள்ள நாராயணசாமியின் ஆடுகளை அவள் வாரத்துக்கு வளர்க்கிறாள். தாய் ஆடு அவருக்கு, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. இவள் கை சுத்தம் என்கிற ஒரே நம்பிக்கையில் ஓடுகிற பிழைப்பு. அன்று காலையில் பேப்பர் வந்த ஒரு மணி நேரத்தில் நாராயணசாமியின் ஆட்கள் வந்து, மீட்ட இரண்டையும் சேர்த்துப் பதினோரு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"'ஊரு ஒரு மாரி பேசுது, கொஞ்ச நாளு போவட்டும் இருசம்மா'ன்றாரு. கொஞ்ச நாளுக்கு நான் இன்னாத்தத் துன்றது?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வக்கீல் பொன்னுரங்கத்துக்கு ஒரே குஷி. "அப்பட்டமான அவதூறும்மா. கேஸ் போட்டா மொத ஆளா இவன் நிப்பான், அப்பறம்தான் எடிட்டரு" என்றார். என்னோடு இத்தனை வருஷம் ஓசி டீ குடித்த மனுஷன்.

"கேசு எனக்கு இன்னாத்துக்குங்க? நான் ஆடு மேய்க்கறதா, வாய்தாவுக்கு அலையறதா?" என்றாள் இருசம்மாள்.

விழுப்புரத்தில் இருக்கும் எடிட்டருக்கு அங்கேயே போன் போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஒன்பதாம் பக்கம் கீழ, ரெண்டு வரி வருத்தம் போட்டுடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க தெருவுல படிக்கத் தெரிஞ்சவங்க எத்தினி பேருன்னு நெனச்சீங்க? அல்லாரும் படத்தத்தான் பாத்தாங்க. போலீசுக்கு முன்னால நிக்கிறேன், அம்மாந்தான். ரெண்டு வரிய யாரு படிக்கப்போறா? படம் போடுங்க. இதே எடத்துல, இதே அளவுல, ஆட்டோட."

சட்டம் படித்த பொன்னுரங்கம் கோர்ட்டைப் பார்த்து நடையைக் கட்டினார். எத்தனையோ பயிலரங்கில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். செய்தி எங்கே வந்ததோ திருத்தமும் அங்கேயே வரவேண்டும் என்று அங்கே சொன்னது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. மறுபடி போன் போட்டேன்.

"திருத்தத்துக்குப் படம் போடற வழக்கமே இல்லய்யா" என்றார் எடிட்டர். "அப்பறம், நீங்க பகுதி நேரம்தான். பிரச்சினைன்னு வந்தா நிர்வாகம் ஒங்கள யாருன்னு கேக்கும்."

"கேக்கட்டும் சார். தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன். அடையாள அட்டையயும் சேத்து அனுப்பறேன். படம் வந்தாப் போதும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் வெறும் கொளஞ்சி. எடிட்டர் அங்கே யாரிடமோ மூன்றாம் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "அட்டைய நீயே வச்சுக்க. சாயந்திரத்துக்குள்ள படத்த அனுப்பு" என்றார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. படமெடுக்க ஆடு வேண்டுமே! அது நாராயணசாமி பட்டியில் அல்லவா இருக்கிறது? இருசம்மாளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கனந்தல் போனேன். தப்பு எங்களுடையது என்று நாராயணசாமியிடம் கைகூப்பிச் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் பட்டியில் இருந்த பதினோரு ஆடுகளும் அவளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டன. படலைத் திறந்ததும் அவள் முழங்காலைச் சுற்றி மொய்த்தன.

"பேப்பர்காரனே வூடு தேடி வந்து சொல்றான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் நாராயணசாமி. உள்ளே போய் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "ஆடு நம்புளுதுதானே. நானும் ஓரமா நிக்கட்டா?"

"அவரு வாணாங்க" என்றாள் இருசம்மாள் என்னிடம். "மறுபடியும் கைதான ரெண்டு பேருன்னு போட்டுடப்போறீங்க."

நாராயணசாமியே விழுந்து விழுந்து சிரித்தார். படத்தை எடுத்து, அதற்குக் கீழே வரவேண்டிய வரியையும் அங்கேயே எழுதி, இரண்டு பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

மறுநாள் படம் வந்தது, அதே மூன்றாம் பக்கம், அதே அளவு. நான்கு பிரதிகளை எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் ஆடுகளை விட்டுவிட்டு வேலமரத்து நிழலில் நின்றிருந்தாள். பதினொன்றும் இருந்தன. நான் நீட்டிய பேப்பரை வாங்கிப் பார்த்தவள், "நல்லாத்தான் கீது" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மனசு குளிர்ந்துபோனது. கிளம்பலாம் என்று வண்டியைத் திருப்பினேன்.

"ஏங்க, எங்கூட அந்தப் படத்துல குந்திக்கினு இருந்தானே ஒரு பையன். அவந்தான் எடுத்தான்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. கேஸு நடக்கணும், சாட்சி வரணும். நாளாவும்."

"ஆனா நீங்க தலப்புல திருடன்னே போட்டுட்டீங்கன்னு படிச்சவங்க சொன்னாங்களே?"

அந்தத் தலைப்பும் நான் எழுதி அனுப்பியதுதான். வரப்பில் இறங்கி யாருடைய கரும்பிலோ வாய் வைக்கப் போன ஒரு கிடாயை 'ஏய்' என்று அதட்டிக்கொண்டு, கையில் மடித்த பேப்பரோடு கரையில் ஓடினாள். மற்ற பத்து ஆடுகளும் மேய்ச்சலை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடின.