கலெக்டரின் வலது கண்

எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தில் எனக்கிருந்த மரியாதை முழுக்க என் மனைவி கெங்கம்மாளின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் திட்டுவதைச் சொல்லவில்லை. அது வேறு கதை. யார் கண்ணில் மணல் விழுந்தாலும், உமி விழுந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். இமையைப் பிரித்து, நாக்கு நுனியால் ஒரே தடவல். தூசி வெளியே வந்துவிடும். அதனால் ஏரிக்கரையில் என்னை முனிகிருஷ்ணன் என்று பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "கண்ணுக்காரம்மா ஊட்டுக்காரரு" என்பார்கள். மீன் பங்கு போடும்போது பெரிதாகப் பார்த்து என் பக்கம் தள்ளுவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் எங்களிடம் ஒரு பூனை இருந்தது. பெயர் கலெக்டர். வருவான், சுற்றிப் பார்ப்பான், தின்பான், போய்விடுவான். வேலை என்று எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் அவன் அடுப்புக்குப் பின்னால் முடங்கிக் கிடந்தான். வலது கண் மூடியிருந்தது.

"தூங்கறான்மே," என்றேன்.

"ஒத்தக் கண்ணுல தூங்கற பூனைய எங்கய்யா பாத்த? தண்ணியா ஊத்துது. காலால தேச்சிக்கினே கீறான். வெளிச்சத்துக்கு வரமாட்றான். நோவுதுய்யா அவனுக்கு."

பக்கத்து வீட்டு மணியம்மாள் வெங்காயச் சாறு பிழியச் சொன்னாள். "மொதல்ல உன் கண்ணுல பிழி, பாக்கலாம்," என்றாள் கெங்கம்மாள். பூனையைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்து இமையைப் பிரித்தாள். கருவிழி ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. காய்ச்சி ஆறிய தண்ணீரை இரண்டு தரம் ஊற்றினாள். அது அசையவில்லை.

அவள் நாக்கை நீட்டிக்கொண்டு குனிந்தாள். வாசலில் நாட்டாமை சுப்பராயன் நின்றுகொண்டிருந்தார்.

"கெங்கம்மா, பூனைய நக்கின வாயி அப்புறம் எங்க கண்ணுக்கு ஆவாது. யோசிச்சிக்கோ."

"வேணாமே," என்று நான் கெஞ்சினேன். "ஊர்ல தல நிமிந்து நடக்கறதே உன்னாலதான்."

"இவனுக்குக் கண்ணு பூடும்யா," என்றாள். ஒரே தடவல். செதில் வந்துவிட்டது. கலெக்டர் என் தொடையைப் பிறாண்டிவிட்டு ஓடினான்.

அதோடும் விடவில்லை. மறுநாள் அவனை மீன் கூடையில் போட்டுக்கொண்டு பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். கருவிழியில் கீறல் இருந்ததாம். டாக்டர் களிம்பு கொடுத்து, இனிமேல் நாக்கை வைக்காதே, முதல் நாளே தூக்கிக்கொண்டு வா என்று திட்டி அனுப்பினார். பத்து நாளில் கலெக்டர் இரண்டு கண்ணாலும் என்னை முறைத்தான்.

நாட்டாமை சொன்னபடி செய்தார். ஒரு மாதமாக எங்கள் வாசலுக்கு ஒரு கண்கூட வரவில்லை. பங்கில் எனக்குப் பொடிமீனாக விழுந்தது. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"போச்சு, எல்லாம் போச்சு. இப்ப சந்தோசமா?"

"சந்தோசந்தான்யா," என்றாள் மீன் அரிந்தபடி. "பதினாலு வருசமா ஊரான் ஊட்டுப் பீளயெல்லாம் எடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் பின்னால போயி வாந்தி எடுத்தேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. அந்தப் பதினாலு வருஷமும் பெரிய மீனாகத் தின்றவன் நான்.

"சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"பூனை மட்டும் சொல்லுச்சாய்யா?"