வாய்தா நாள்

முதலில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜெய்னப் திட்டத் தொடங்கிவிடுவாள். மகளைத் தன்னிடம் விடக் கேட்டுப் போட்ட கேஸுக்காகப் பொழிச்சலூரிலிருந்து பஸ் மாறித் தாம்பரம் வந்து கோர்ட்டு வாசலில் காய்ந்துகிடப்பாள். டவாலி பேரைக் கூப்பிடுவார். வக்கீல் ஜெபசீலன் உள்ளே போய் வந்து, "வாய்தாம்மா" என்பார். அவ்வளவுதான். மகள் கைனாத் வண்டலூரில், ஜெய்னப்பைப் பிரிந்துபோன அத்தா உஸ்மானிடமே இருப்பாள்.

பிறகு ஜட்ஜ் ஒன்று சொன்னார். வாய்தாவுக்கு வாய்தா குழந்தையைக் கூட்டிவர வேண்டும், தாயோடு அரை மணி நேரம் விட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்க உஸ்மான் விடவில்லை. ஆக, வாய்தா இருந்தால்தான் மகள்.

வராந்தா பெஞ்சில் அம்மா மடியில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டே கைனாத் கேட்பாள்:

"நாளைக்கும் வாய்தாவாம்மா?"

"இல்லடி."

"உங்க ஜட்ஜ் ரொம்பக் கஞ்சம்."

இன்று ஜெபசீலன் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு வாதம் முடிஞ்சிடும். அடுத்தது தீர்ப்பு."

"இன்னா சார் வரும்?"

"பொண்ணு அங்கயே பழகிடுச்சு. நம்ம பக்கம் நிக்கிறது கஷ்டம்தான்."

"அப்ப இந்த அரை மணி நேரம்?"

"கேஸ் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது."

"வாய்தா வாங்குங்க சார்."

"வாய்தா வாய்தான்னு இத்தினி நாளா என்னைத் திட்டினது நீங்கதாம்மா."

"இப்ப நானே கேக்குறேன். இன்னாவாச்சும் சொல்லி வாங்குங்க."

ஜெபசீலன் அவகாசம் கேட்டார். உஸ்மானின் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"ஆட்சேபனை இல்லை. ஆனால் இழுத்தடிப்பது அவர்கள். வாய்தா தோறும் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கெடுகிறது. தீர்ப்புவரை குழந்தையை அழைத்து வருவதிலிருந்து விலக்கு வேண்டும்."

ஜட்ஜ் இரண்டையும் கொடுத்தார்.

"ஐயா, வேணாங்க, வாய்தா வேணாங்க" என்றாள் ஜெய்னப். அதற்குள் டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார். ஜெபசீலன் அவள் பக்கம் திரும்பாமல் கட்டைக் கயிற்றால் சுற்றிக்கொண்டிருந்தார்.

வெளியே கைனாத் ஓடிவந்தாள்.

"வாய்தா குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க."

எப்போதும் கிளம்பும்போது அவளை அம்மாவின் முந்தானையிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இன்று உஸ்மான் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே முந்தானையை விட்டுவிட்டாள்.

"அதான் வாய்தா கீதே. அழாம போறேன், பாரு."

ஓடிப்போய்த் தானே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.